தரை தொட்ட திரை

என் தையல் கடைக்கு நேர் எதிரே இருந்த பழைய சமுதாயக் கூடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் முதலில் செய்த காரியம், ஒரு பழைய போர்வையை எடுத்துக் கடை வாசலில் தொங்கவிட்டதுதான். அடுத்த காரியம், சண்டைக்குத் தயாரானது. வெள்ளைச் சட்டையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துப் பிழைக்கிறவனுக்கு எதிரே இடிப்பு வேலை என்றால் சும்மாவா? தூசி பறக்கும், துணி பாழாகும், நான் போய்க் கத்துவேன், அவர்கள் கையை விரிப்பார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். என் மனைவி பட்டன் தைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ஒரு செங்கல்லுகூட விழல. அதுக்குள்ள என்னத்துக்கு இந்த முறைப்பு?"

செங்கல் விழுந்தது. தூசிதான் வரவில்லை. சுவரை உடைக்கிற இடத்திலெல்லாம் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே உடைத்தார்கள். தெருப்பக்கம் முழுக்க ஈரச் சாக்குத் திரை. என் போர்வை வீணாகத் தொங்கியது.

சண்டைக்கு வழியில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வேறு என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கூடத்தில் பாதி தரைமட்டமாகியிருந்தது. ஆனால் இடிபாட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரிகூட வெளியே போகவில்லை. இடித்ததெல்லாம் எங்கே போகிறது? அந்தக் கேள்வி என் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகரக் கேட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே பலகை அடித்துத் தடுத்த அறைகள் மாதிரி வரிசையாகத் தடுப்புகள். ஒன்றில் முழுச் செங்கல், ஒன்றில் உடைந்த செங்கல், ஒன்றில் கான்கிரீட் துண்டுகள், ஒன்றில் நிமிர்த்திய கம்பி, ஒன்றில் மரச் சட்டம், இன்னொன்றில் கதவு ஜன்னல்களின் கொக்கியும் கீலும்கூட. சில பெண்கள் உட்கார்ந்து செங்கல்லில் ஒட்டியிருந்த பழைய காரையைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், தலைக்கவசமும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஒரு கனமான காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போவது போலக் குவியலைச் சுற்றி இழுத்துக்கொண்டு நடந்தார். காந்தத்தில் ஆணிகள் அப்பிக்கொண்டு வந்தன. அவர் நின்று அவற்றை ஒரு டப்பாவில் உதிர்த்துவிட்டு மறுபடி நடந்தார்.

அவர்தான் சைட் இன்ஜினியர். ஆணியைக்கூட விடாமல் சலித்தெடுக்கிற அவருக்கு எங்கள் தெரு ஏற்கெனவே 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு தலைக்கவசத்தை எடுத்து நீட்டினார். போட்டுக்கொண்டால்தான் பேச்சு.

"எதிர்க் கடைண்ணே தானே? தூசி வருதா?"

"தூசி வரல."

"அப்புறம்?"

"லாரி ஏன் போகல?"

அவர் சிரித்துவிட்டார். புகார் சொல்ல வந்தவன் கேட்கிற கேள்வியா இது? "எதுக்குண்ணே போகணும்? இதுல எல்லாம் இங்கயே ஆகும். முழுக் கல்லு காம்பவுண்டுக்கு. மரம் ஜன்னலுக்கு. மிச்சத்தை மிஷின்ல அரைச்சு, புதுக் கூடத்துத் தரைக்கு அடியில போட்டுத் திமிசு கட்டையால இடிச்சிடுவோம். எப்படியும் லாரி லாரியா கிராவல் வாங்கித்தான கொட்டுவாங்க? அதுக்குப் பதிலா இது."

"ஒரு லோடுகூட வெளிய போகாதா?"

"ஒரு லோடுகூட" என்று அவர் சொன்னதில் ஒரு மிடுக்கு இருந்தது. கூடத்துக் கமிட்டித் தலைவரிடமும் நகரசபை அதிகாரியிடமும் பத்துப் பேர் முன்னால் இதையே சொல்லியிருக்கிறார். தலைவர் அப்போது வயிறு குலுங்கச் சிரித்தாராம். தலைவர் பருத்தி மொத்த வியாபாரி, சிரிப்பும் மொத்தமாகத்தான் வரும்.

அன்றிலிருந்து சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துக்கு நான் தலைக்கவசத்தோடு அங்கே ஆஜர். "அந்தக் கூடத்துக்கே உங்களைத் தத்து குடுத்துடலாம் போல" என்று மனைவி சொன்னாள். என்ன செய்வது, எனக்கு வேடிக்கை பார்ப்பதென்றால் உயிர். பழைய சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் ஒரு தட்டில் சுத்தமாக விட்டுவிடும், சிமெண்ட்டில் கட்டியது கல்லோடு சேர்ந்து உடையும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். இந்த வயதில் அது எனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக அவரைப் பற்றியும் தெரிந்தது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துப் படிக்க வைத்தார். வீடு, ஊருக்குத் தெற்கே பள்ளத்துத் தெருவில். அந்தத் தெருவுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் வடிகிற தாழ்ந்த நிலம் ஒன்று உண்டு. இவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே லாரிகள் அங்கே இடிபாட்டைக் கொட்டிக் கொட்டி நிலம் தெருவைவிட மேடாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் போக இடமில்லாமல் வீடுகளுக்குள் வரும். கட்டடக் கழிவைக் கொட்டுவதற்கென்று ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியை நகரசபை ஒதுக்கித்தான் இருக்கிறது. ஆனால் அது தூரம். பள்ளம் பக்கம். யார் பார்க்கிறார்கள்?

"நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சைட்ல, இதையெல்லாம் எங்க சார் அனுப்பறோம்னு கேட்டேன். 'வெளிய'ன்னாரு. எந்த சைட்லயும் அதே பதில்தான். வெளிய, வெளிய. அவங்க சொல்ற வெளியங்கறது எங்க வீடுண்ணே."

அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. கட்டிலைவிட்டு நகர ஆள் வேண்டும். பிறந்த இடத்தைவிட்டு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று இவர் சொல்லிவிட்டு, "நிக்கத்தான் கால் இல்ல" என்று தானே சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயை ஊதினேன்.

இந்தக் கூடத்தில் அவர் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் அடுத்த வேலை. நகரசபை பெரிய சந்தைக் கட்டடத்தை இடிக்கப் போகிறது. இந்தக் கூடத்தைப் போல நூறு கூடத்தின் இடிபாடு அதில் வரும். கூடத்து வேலை சொன்னபடி முடிந்தால் சந்தையையும் இதே முறையில், இவர் பொறுப்பிலேயே இடிக்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இல்லையென்றால் வழக்கமான காண்டிராக்டர், வழக்கமான லாரிகள், வழக்கமான பள்ளம். அவ்வளவும் அங்கே போய் விழுந்தால் அம்மா படுத்திருக்கிற கட்டிலுக்கு மேலே தண்ணீர் வரும். இதை அவர் கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார்.

புதுக் கூடம் மளமளவென்று எழுந்தது. தூண், உத்திரம், கூரை, பிறகு உள்ளே தரை. அரைத்த இடிபாட்டில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, நனைத்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். லாரி வெளியே போகவில்லை. தலைவர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கூடத்தை வேண்டும்போது இரண்டாகத் தடுக்கிற மாதிரி, சுவருக்குச் சுவர் ஒரு பெரிய திரை. கெட்டியான கேன்வாஸ் துணி, உத்திரத்துக்கு அடியில் பொருத்திய தண்டவாளத்தில் ஓட வேண்டும். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய துணியைத் தைத்ததில்லை. தண்டவாளத்திலிருந்து தரைவரை மூன்று இடத்தில் அளந்தேன். தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை தூக்கி நிற்கும்படி அளவு வைத்தேன். கடையில் இடம் போதாமல் வீட்டுக் கூடம், அடுக்களை, வாசல்படிவரை துணியைப் பரப்பித் தைத்தோம். மனைவி திரையின் மேலேயே உட்கார்ந்து சமைத்தாள். அந்த மாதம் முழுக்க மழை வேறு விடாமல் பெய்தது.

திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது திரையை மாட்டினோம். தலைவர் வந்திருந்தார். இழுத்துவிட்டதும் திரை கம்பீரமாக ஓடிப் போய் நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பார்த்தால், இரண்டு ஓரத்திலும் ஒரு விரற்கடை தூக்கி நிற்கிறது. நடுவில் தரையில் புரண்டு கிடக்கிறது.

"என்னய்யா இது? முப்பது வருஷமா இதான் தச்சுக் கிழிச்சியா?" என்றார் தலைவர்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் அளவைச் சொல்லாதீர்கள். "துணி தொய்யாது தலைவரே, இது கேன்வாஸ்!" என்று கத்திக்கொண்டே ஏணியில் ஏறி டேப்பை விட்டு அளந்தேன். ஓரத்தில் நான் முன்பு எடுத்த அளவு அப்படியே இருந்தது. நடுவில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. மேலேயிருந்து கீழேவரை இருக்கிற தூரம் குறைந்தால் என்ன அர்த்தம்? மேலே இருப்பது இறங்குகிறது என்று அர்த்தம்! என் தலைக்கு மேல் இருந்த உத்திரத்தைப் பார்த்தேன்.

"உத்திரம் தொங்குது! ஓடுங்க!"

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. தலைவர் எனக்கு முன்னால் வாசலைத் தாண்டியிருந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். டைல்ஸ் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள், பெயிண்டர், எல்லாரும் தெருவில் நின்றோம். என் மனைவி கடை வாசலிலிருந்து, "எடுத்த கத்தரிய எங்க போட்டீங்க?" என்று கேட்டாள். கையிலேயே இருந்தது.

சல்லடை மட்டும் உள்ளே போனார். மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி உத்திரத்தின் இந்த முனையையும் அந்த முனையையும் நடுவையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்க, உத்திரத்துக்கு ஒண்ணும் இல்ல. நேரா இருக்கு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தெருவில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. குழாயைக் கீழே கொண்டுவந்து தரையை மட்டம் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, நடுவில் இருந்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டினார். பானையைத் தட்டுவது போல் வெற்றுச் சத்தம் வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தரை மேலே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் நான் போனபோது நடுவில் ஒரு சதுரத்தை உடைத்து எடுத்திருந்தார். உள்ளே கையைவிட்டு ஒரு பிடி அள்ளி என்னிடம் காட்டினார். ஈரமாக இருந்தது. சிவப்பும் சாம்பலுமாக இருந்த பொடியில் ஆங்காங்கே வெள்ளையாக என்னவோ.

"ஜிப்சம்" என்றார். "இதுவும் சிமெண்ட்டும் ஈரமும் ஒண்ணா சேர்ந்தா ஊதும்ணே. மாவு பொங்கற மாதிரி. இன்னும் பொங்கும்."

"எப்படி உள்ள வந்துச்சு? பழைய கூரைக்கு அடியில அடிச்சிருந்த அந்த ஜிப்சம் பலகையெல்லாம் தனியா கட்டி, வித்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பினீங்களே?"

"பலகையத்தான் அனுப்பினேன். மேடைக்குப் பின்னாடி இருந்த சுவத்துலயும் எவனோ ஜிப்சம் பூசியிருக்கான், மேல பெயிண்ட். இடிச்ச அப்புறம் அந்தக் குவியலைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்தான். கல்லுல இருந்து அதைப் பிரிக்கவும் முடியல." கையிலிருந்ததைத் திரும்ப அந்தக் குழியிலேயே உதிர்த்தார். "அதை வெளிய அனுப்பியிருக்கணும். ஒரே ஒரு லோடு. ஒரு லோடுகூடப் போகாதுன்னு வாய் கிழியப் பேசியாச்சு, இப்ப ஒரு லாரியைக் கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு அரைச்சு உள்ள போட்டுட்டேன். யாரும் செய்யல. நான்தான் செஞ்சேன்."

வேறு எந்த சைட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. மற்றவர்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பள்ளத்தில் கொட்டிவிடுவார்களே. கொட்டக் கூடாது என்று நினைத்தவருக்குத்தான் இப்படி ஒரு தப்பு வாய்க்கும். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் தலைவரிடம் சொல்லிவிட்டார். தலைவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வியாபாரி இல்லையா, கோபம் தணிவதற்கு முன்பே வழி கண்டுபிடித்துவிட்டார். நேராக என் கடைக்கு வந்தார்.

"அந்தத் திரையை நடுவுல ரெண்டு விரல் வெட்டி மடிச்சுத் தச்சிடு. உடைச்ச இடத்துல டைல்ஸ ஒட்டி, மேல கார்ப்பெட்ட போட்டுடறேன். அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும். அந்தப் பொண்ணுக்கும் சந்தை வேலை கிடைச்சுடும். எல்லாருக்கும் நல்லதுதானே?"

அவர் போன பிறகு, திரையைக் கழற்றிக் கொண்டுவந்து அதன் நடுப்பாகத்தை மேஜைமேல் விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். கத்தரியையும் எடுத்தேன். வெட்டினால் கால் மணி நேர வேலை. என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

அப்போது சல்லடை உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை. மேஜைமேல் இருந்த கோட்டைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தலைவர் எங்கிட்டயும் சொன்னாரு" என்றார்.

"நான் என்ன செய்யட்டும்மா? நீங்களே சொல்லுங்க. வெட்டுன்னா வெட்டறேன்."

அவர் கோட்டின்மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனார். "இதைச் சொன்னா சந்தை போயிடும்ணே. சந்தை போனா அவ்வளவும் எங்கம்மா வீட்டுக்குப் பின்னாடி வந்துடும். சொல்லாம இருந்துட்டா, சந்தையை நான் ஒழுங்கா பண்ணிடுவேன். இனிமே இந்தத் தப்பு சத்தியமா வராது. ராத்திரியெல்லாம் இதையேதான் யோசிச்சேன்."

"அப்ப வெட்டிடவா?"

"அந்தத் தரை நிக்காதுண்ணே. ஊதிக்கிட்டே இருக்கும். வெடிக்கும். வயசானவங்க வருவாங்க, கைக்குழந்தையோட வருவாங்க. கால் தடுக்கி விழுவாங்க. எங்கம்மாவை மாதிரி யாராவது ஒருத்தங்க விழுந்தா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "வெட்டாதீங்க. அதிகாரிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

வாசலில் நின்று திரும்பினார். "சல்லடைன்னு பேரு வச்சுட்டு ஓட்டையை மறைக்கச் சொன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கத்தரியை டிராயரில் போட்டு மூடினேன்.

அதிகாரி வந்தார். உடைத்த தரைக்கு முன்னால் நின்று சல்லடை முழுவதையும் சொன்னார், மழுப்பாமல், யார்மேலும் பழி போடாமல். நான் வேண்டுமென்றே திரையைச் சரி செய்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்களே சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா என் நிலைமையையும் பாருங்க. சின்னக் கூடத்துலயே இப்படின்னா, சந்தைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? வழக்கமான ஆளுங்களே இடிக்கட்டும். இடிபாடு கல்குவாரிக்குத்தான் போகணும்னு கண்டிப்பா எழுதிடறேன்."

கண்டிப்பா எழுதுவார். இதுவரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சல்லடை தலையை மட்டும் ஆட்டினார்.

தரை முழுவதையும் பெயர்த்தார்கள். விழா தள்ளிப்போனது. அரைத்துப் போட்டதில் வெள்ளை கலந்த பாகத்தையெல்லாம் தனியாகக் குவித்து, கடைசியில் லாரியைக் கூப்பிட்டார்கள். வந்தது 'ஹாரன்' டிரைவருடைய லாரி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். எறும்பு குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பவர் என்பதால் அது யாருக்கும் ஞாபகமில்லை. "என்ன மேடம், ஒரு லோடுகூடப் போகாதுன்னு கேள்விப்பட்டேன்" என்று பல்லைக் காட்டினார். எனக்கு அந்த ஆளை இறக்கி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது.

லோடு ஏறி முடிந்ததும் சல்லடை லாரியின் மறுபக்கம் போய், கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஹாரனே என் கடைக்கு வந்து சொன்னார். பிரிவு ரோட்டில் பழக்கதோஷத்தில் பள்ளத்துப் பக்கம் வண்டியை ஒடித்தாராம். "நேரா போங்க" என்றாராம் இவர். "அவ்வளவு தூரம் எதுக்கு மேடம்? யாரு பாக்கப் போறா?" என்று கேட்டிருக்கிறார். "நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்று பதில். பிறகு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அந்தப் பச்சைக் கதவு எங்க வீடு" என்று சொன்னாராம். ஹாரன் கேட்டிருக்கிறார், தண்ணி வருமா என்று. வரும் என்றாராம். எவ்வளவு என்று கேட்டதற்குத் தன் முழங்காலில் கையை வைத்துக் காட்டினாராம்.

"நான் அந்தப் பள்ளத்துல எத்தனை லோடு கவுத்திருப்பேன் தெரியுமா?" என்றார் ஹாரன். "வண்டியிலயே உக்காந்துக்கிட்டு லீவரை இழுத்துட்டு வந்துடுவோம். திரும்பிக்கூடப் பாத்ததில்ல." அன்று அவர் போகும்போது ஹாரன் அடிக்கவில்லை.

கூடத்தில் புதுத் தரை போட்டார்கள். இந்தத் தடவையும் அரைத்த இடிபாடுதான். ஆனால் ஒவ்வொரு பிடியையும் சல்லடை சோதித்துப் பார்த்துப் போட்டார். திரையை மாட்டி அளந்தேன், ஓரத்திலும் நடுவிலும் ஒரே விரற்கடை. திறப்பு விழாவில் தலைவர் பேசினார். சல்லடையை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே சந்தையை இடிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரும் இல்லை, சாக்கும் இல்லை. தூசி எங்கள் தெருவரை வந்தது. முதல் நாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போது அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன்.

"இன்னும் என்னம்மா வேலை அங்க?"

"வேலை இல்லண்ணே. லீவு போட்டுட்டேன்."

லீவு போட்டுவிட்டு ஒருவர் பூட்ஸோடு எங்கே போவார்? வேடிக்கை பார்க்கும் புத்தி சும்மா விடுமா? அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே பின்னால் போனேன்.

சந்தை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாரானது. அவர் போய்க் கதவைத் திறந்தார். டிரைவர் கத்தினார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "கல்குவாரிக்குத்தான போகுது? நகரசபை உத்தரவு அதான? வழி தெரியாதுன்னா காட்டறேன்" என்றார் இவர். குவாரிக்குப் போகவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்? சூப்பர்வைசர் வழிவிட்டார். லாரி கிளம்பியது. பிரிவு ரோட்டில் அது நேராகப் போவதை நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம்.

சூப்பர்வைசர் நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டு, இரண்டாவது லாரியின் பக்கவாட்டில் தட்டினார். "நீ கிளம்பு. அந்தம்மா ஒரு வண்டியிலதான உக்கார முடியும்?"

அது சரிதான். ஒரு ஆள் ஒரு வண்டியில்தான் உட்கார முடியும். இது என் மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆனது. ஏறியதும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. ஓடிப்போய் இரண்டாவது லாரியின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"யோவ், யாருய்யா நீ?" என்றார் டிரைவர்.

"தையல்காரன்."

"இங்க உனக்கு என்ன வேலை?"

"உக்காந்துக்கிட்டு வர்ற வேலை. நேரா போங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வாசலைத் தாண்டும்போது, மூன்றாவது வண்டிக்கு யார் என்று கவலையோடு திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, அந்த லாரியின் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள்.